பெயர் இல்லாமல் திரும்பியவை

ஜூன் 1, ஞாயிறு

மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போனேன். மாமி சாளை மீனைச் செதில் உரசி, கழுவி, மஞ்சள் தடவி முடித்தார். திரும்பி வந்தேன். இன்னும் திறந்துகொண்டிருந்தது.

என் கணவன் டெரன்ஸின் பழைய இயந்திரம். கப்பலுக்குப் போகும்போது எனக்கென்று விட்டுப் போனான். எனக்கென்று என்றால் இந்த வீட்டில் எல்லோருக்கும் என்று பொருள். அவன் அம்மா, என் மாமி, அதில் திருப்பலி பார்க்கிறார். அவன் தங்கை ஜெனிட்டா கல்லூரி வேலையை வீட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில் எடுத்துக்கொள்கிறாள். மிச்ச நேரத்தில் நான் ஆய்வேடு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு. தவறினால் பதிவே ரத்தாகும். ஐந்தாம் இயல் மட்டும் பாக்கி. அதிலும் சில பக்கங்கள்தான்.

சில பக்கங்கள்தான் என்று ஜனவரியிலும் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

ஜெனி மாலை ஒரு பென்டிரைவோடு வந்தாள். கல்லூரியில் கணினிக்கூடம் அவள் பொறுப்பு. அங்கே எல்லா இயந்திரங்களிலும் லினக்ஸ்தான். "மதினி, இது சாவல. ஏத்திவச்ச சுமைதான் சாவடிக்கு" என்றாள்.

விண்டோஸை அழிக்கவில்லை. அதைக் கொஞ்சம் நெருக்கி ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் லினக்ஸுக்கு ஓர் இடம். திரையில் வட்டு நீளமான ஒரு பட்டையாகத் தெரிந்தது. நீலம் ஒரு பாகம். மிச்சம் சாம்பல். சாம்பல் நிறத்தின்மேல் 'ஒதுக்கப்படாதது' என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு சொல்லைத் திரையில் பார்த்ததும் ஏதோ நிம்மதி. ஜெனி உடனே அதை ஒதுக்கிவிட்டாள்.

மாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொத்துப் பிரிக்கிற மாதிரி இருக்கிறதே என்றார்.

"ஆமாம்மா. அண்ணனுக்குக் கொஞ்சம், மதினிக்குக் கொஞ்சம்."

"ஒனக்கு?"

"நான் தாசில்தாரு."

ஜூன் 4, புதன்

ஆளுக்கொரு கணக்கு. கணக்குக்கு ஒரு முகப்புக் கோப்புறை. அதன் அடையாளப் படம் ஒரு சின்ன வீடு.

இந்த வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுக்களை. கழிப்பறைக் கதவில் மட்டும்தான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். இப்போது எனக்கென்று பூட்டோடு ஓர் இடம். ஜெனி நினைத்தால் எதையும் திறக்கலாம். நிர்வாகி அவள்தான். "ஆனா தெறக்க மாட்டேன்" என்றாள், நான் கேட்காமலே.

மாமியின் கடவுச்சொல் ஒரு புனிதரின் பெயர். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொல்லித் தட்டுகிறார். கீழ்வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூன் 7, சனி

எழுதவில்லை. கோப்பு மேலாளரைப் பழகினேன்.

ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அது பார்வையிலிருந்து மறைந்துவிடும். எங்கும் போவதில்லை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் வெளியே வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் மறையும். காலை முழுவதும் இதைச் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் இயலில் சேர்க்கலாமா என்று தோன்றியது. கூடாது. இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஐந்து வருடம்.

என் ஆய்வு நவீனக் கவிதையில் வெற்றிடம் பற்றியது. வரிகளுக்கு நடுவே கவிஞர்கள் விடுகிற வெள்ளை. திருமணமான புதிதில் மாமி தலைப்பைக் கேட்டார். சொன்னேன். "ஒண்ணுமில்லாததப் பத்தியா இத்தன வருசம்?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். நெறியாளர்கூட அவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

ஆய்வேடு இன்னும் பழைய விண்டோஸ் பக்கத்தில், டெரன்ஸின் புகைப்படங்களுக்கு அருகில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ளே போய்த் திறக்க வேண்டியிருந்தது. ஜெனி முகப்புத் திரையில் ஓர் இணைப்பு வைத்துத் தந்தாள். அதே கோப்புறைப் படம், மூலையில் குட்டி அம்பு. தட்டினால் ஐந்து இயல்களும் வருகின்றன.

ஜூன் 10, செவ்வாய்

மணப்பாட்டிலிருந்து டெரன்ஸின் பெரியம்மா வந்திருந்தார். முதலில் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு முகத்தை. விசேஷம் உண்டா என்று மாமியிடம் கேட்டார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

"அவ படிச்சிட்டு இருக்கால்லா. முடியட்டும்" என்றார் மாமி.

பெரியம்மா தலையாட்டினார். பேச்சு மீனுக்குப் போடும் ஐஸ் விலைக்குப் போனது.

திருமணமாகி இரண்டு வருடம். யார் வந்தாலும் இதே கேள்வி, இதே பதில். பதிலுக்கு எதிர்ப்பேச்சு இருப்பதில்லை.

ஐந்தாம் இயலைத் திறந்தேன். ஒரு அடிக்குறிப்பைத் திருத்தினேன். மூடினேன்.

ஜூன் 12, வியாழன்

இடம் போதவில்லை என்று திரையில் எச்சரிக்கை. ஜெனி பார்த்தாள். விண்டோஸை யாரும் திறப்பதே இல்லை, அதற்கு எதற்குப் பாதி வட்டு என்றாள். முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸை ஒழுங்காகப் போடலாம். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அதற்குள் வேண்டியதையெல்லாம் அவளுடைய ஹார்டு டிஸ்க்கில் பிரதியெடுத்து வைக்கச் சொன்னாள். அதுவும் லினக்ஸ் வடிவில் அமைத்ததுதான்.

ஜூன் 14, சனி

காலையில் பிரதியெடுத்தேன். டெரன்ஸின் புகைப்படங்கள், மாமியின் ஜெபப் பாடல்கள். பிறகு முகப்புத் திரையிலிருந்து ஆய்வேட்டை இழுத்துப் போட்டேன். படங்களுக்கு வெகுநேரம் ஆனது. ஆய்வேடு கண்சிமிட்டும் நேரத்தில் போய்விட்டது. வெறும் எழுத்துதானே, எடை ஏது என்று நினைத்தேன்.

ஜெனி அழிப்பதற்கு முன் கேட்டாள்.

"எல்லாம் எடுத்தாச்சா மதினி?"

"எடுத்தாச்சு."

"தெறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். அஞ்சும் இருக்கு."

திறந்து பார்த்ததும் உண்மை. ஐந்தும் இருந்ததும் உண்மை.

பட்டை முழுவதும் சாம்பலானது. பிறகு மறுபடி நிறங்கள். மதியத்துக்குள் முடிந்தது. இயந்திரம் இப்போது மாமி தீக்குச்சி உரசுவதற்குள் திறந்துவிடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஆய்வேட்டைத் தட்டினேன். 'இந்த இணைப்பைப் பயன்படுத்த முடியாது. இது சுட்டும் இடம் இல்லை. குப்பைக்கு அனுப்பவா?' என்று கேட்டது.

நான் இழுத்துப் போட்டது கோப்புறையை அல்ல. அம்பு போட்ட இணைப்பை. நேற்று அது திறந்தது. ஏனென்றால் அது காட்டிய இடம் நேற்று இருந்தது.

வேறெங்கும் பிரதி இல்லை. முதல் இரண்டு இயல்கள் நெறியாளரிடம் இருக்கின்றன. மற்றவற்றை முடிக்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று வைத்திருந்தேன்.

மாமி சாப்பிடக் கூப்பிட்டார். ஊளி மீன் குழம்பு. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

ஜெனியிடம் சொல்லவில்லை. அழித்தது அவள் கை. தெரிந்தால் உடைந்துபோவாள். அதனால்தான்.

மதியம் தூங்கினேன். கனவு இல்லாமல். எழுந்தபோது கன்னத்தில் பாயின் தடம். மாமி சிரித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

டெரன்ஸின் சித்தப்பா மகனின் திருமணக் காணொளிகள் வந்தன. கோயிலில் மந்திரிப்பு, விருந்து, நடனம், எல்லாம் தனித்தனியாக, பெரிது பெரிதாக. மாமி கணினியில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இருவரும் பார்த்தோம். மாப்பிள்ளையின் கோட்டு தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றார் மாமி. நிற்கத்தான் செய்தது.

ஜூன் 18, புதன்

டெரன்ஸ் பேசினான். ஏதோ துறைமுகம். எழுதுகிறாயா என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். பின்னால் இரும்புச் சத்தம். தொடர்பு அறுந்தது.

ஜூன் 19, வியாழன்

அரிசியில் வண்டு. வெயிலில் பரப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜெனிக்குத் தெரிந்துவிட்டது.

என் ஆய்வேட்டுக்குக் கல்லூரியிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று, என்னிடம் சொல்லாமலே காலையில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே திறந்து பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான்தான் சரியாப் பாக்காம அழிச்சிட்டேன்னு வழி பூரா அழுதுட்டே வந்தேன் மதினி. எப்படிச் சொல்லதுன்னு."

"எனக்குத் தெரியும் ஜெனி."

"என்ன தெரியும்?"

"போயிடுச்சுன்னு. ஞாயித்துக்கிழமையே தெரியும்."

அவள் அழுகை நின்றது. அதைவிட அவள் அழுதுகொண்டே இருந்திருக்கலாம்.

பிறகு விளக்கினாள், நான் ஏதோ முதலாண்டு மாணவி என்பதுபோல, ரொம்ப மெதுவாக. வட்டை அழிக்கும்போது எது எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் போகும். பக்கங்கள் அங்கேயே கிடக்கும். புதிதாக எதையாவது அதன்மேல் எழுதும்வரை கிடக்கும். லினக்ஸை மறுபடி போட்டதில் கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான்.

"அன்னைக்கே சொல்லிருந்தா மெஷின அணைச்சு வச்சிருப்பேன்லா. எல்லாம் கெடச்சிருக்கும். நீங்க அதுமேல கல்யாணத்த ஏத்திருக்கீங்க."

உனக்கு வருத்தமாக இருக்குமென்றுதான் சொல்லவில்லை என்றேன்.

"அது போனதுல ஒங்களுக்குச் சந்தோசமா மதினி?"

தெருவில் மீன்காரம்மாவின் குரல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டில் ஏற்கெனவே மீன் இருந்தது.

ஜூன் 21, சனி

யாரும் கணினியைத் தொடக்கூடாது என்று ஜெனி உத்தரவு. காலைத் திருப்பலி பார்க்க முடியாதே என்று தயங்கித் தயங்கி மாமியிடம் சொன்னேன். "கோயில்லயும் நடக்குல்லா" என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜெனி பென்டிரைவிலிருந்து இயந்திரத்தைத் திறந்தாள். வட்டில் எதையும் எழுதாமல், அதை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்க்கிற ஒரு நிரல். கோப்பின் தலை மாதிரி எது தட்டுப்பட்டாலும் எடுத்து அவளுடைய ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறது. கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. ஏறிக்கொண்டே போகும் எண்கள்.

என்னோடு பேசவில்லை. ஆனால் தேநீர் போட்டபோது எனக்கும் போட்டாள். சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிற மாதிரி.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாம் பெயர் இல்லாமல் திரும்பி வந்திருக்கின்றன. கோப்புறை இல்லை, தேதி இல்லை, வெறும் எண்கள். ஆயிரக்கணக்கில். இந்த இயந்திரத்தில் யார் எப்போது எதை வைத்திருந்தாலும், எதை அழித்திருந்தாலும், ஒரே குவியல். ஒவ்வொன்றாகத் திறந்துதான் யாருடையது என்று சொல்ல முடியும்.

ஜெனி திறந்தாள். நான் பெயர் சொன்னேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.

கடற்பணிச் சான்றிதழுக்காக டெரன்ஸ் எடுத்த புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக. ஜெனி மீசை வரைந்துவைத்த அண்ணன். முகமே தெரியாமல் மாமி தானாக எடுத்துக்கொண்ட நெற்றிகள், ஏராளம். யாரோ ஒருவரின் கைரேகை போன்ற ஒரு படம், பாதி சாம்பல். மாமி அதைக் கடல் என்றார். ஜெனி கெட்டுப்போன கோப்பு என்றாள். கடல் என்றே பெயர் வைத்தோம்.

எழுத்துக் கோப்புகள் வரத் தொடங்கின. மாமி உரக்க வாசித்தார்: "வாசகன் நிற்க வேண்டிய இடத்தைக் கவிஞன் வெள்ளையாக விடுகிறான்." நிறுத்தினார். "இது ஒனக்குள்ளதுதான். ஒண்ணுமில்லாதது" என்றார். ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கும் வந்தது. சிரித்தபடியே அழுதேன் போலிருக்கிறது, மாமி முந்தானையை நீட்டினார்.

மூன்றாம் இயல் முழுதாக. நான்காவது, கடைசித் திருத்தங்கள் இல்லாமல். ஐந்தாவது என்று நம்பிய கோப்பு திறக்கவே இல்லை. ஜெனி அதைப் பிரித்து உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"கல்யாணமா?" என்று கேட்டேன்.

"கல்யாணந்தான்."

மாலை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கேள்விக்கான பதில்.

"முடிச்சிட்டா அப்புறம் என்னன்னு கேப்பாங்க ஜெனி. இப்ப படிக்கிறேன்னு சொல்றதால அதுக்கு மேல யாரும் கேக்கறதில்ல. எனக்கு இன்னும் தெரியல, என்ன சொல்றதுன்னு."

ஜெனி கொடியிலிருந்து மாமியின் சேலையை உருவி மடித்தாள்.

"எங்கிட்டயும் கல்யாணம் எப்பன்னு நாலு வருசமா கேக்காங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? கேக்கவங்க கேப்பாங்க. அதுக்காவ எழுதுனதக் காவு குடுப்பீங்களா?"

பிறகு, சேலையின் மறுமுனையை என்னிடம் தந்துகொண்டே: "தெரியலன்னு சொல்லுங்க. அதுவும் பதிலுதான்."

ஜூன் 23, திங்கள்

பழைய ஐந்தாம் இயலை நினைவிலிருந்து எடுக்க முயன்றேன். தலைப்புகள் வருகின்றன. வாக்கியங்கள் வரவில்லை. புதிதாக ஒரு கோப்பு திறந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதினேன்.

ஜூன் 25, புதன்

எழுதினேன். மின்சாரம் போனது. தாளில் எழுதினேன்.

அடுக்களைப் பக்கமே வரக்கூடாது என்கிறார் மாமி. யாரோ வந்தார்கள். வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று தெரியாது. காதைத் தீட்டவும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

பழைய இயல், வெற்றிடத்தைக் கவிஞனின் மௌனம் என்று சொன்னது. மேற்கோள்கள் நிறைய. இது வேறு மாதிரி வருகிறது. மௌனம் என்றால் ஒருவர் தனியாக வைத்துக்கொள்வது. வரிக்கும் வரிக்கும் நடுவில் அப்படி யாரும் தனியாக இல்லை. மறுபுறம் ஒருவர் அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் அந்த வெள்ளை.

பழையதைவிடச் சிறியது. பழையதைவிட நல்லதா, தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

முடிந்தது. ஜெனி கோப்புறையின் படத்தில் அம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பென்டிரைவில் ஒன்று எனக்கு, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று அவளுக்கு.

"இதே மெஷின்ல தெறந்து பாக்கது கணக்குல வராது மதினி. வேற மெஷின்ல தெறக்கணும். நாளைக்கு காலேஜுல தெறந்து பாத்துட்டுச் சொல்லுதேன். அதுக்குப் பெறவு அச்சடிங்க."

ஜூன் 30, திங்கள்

கொடுத்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே அச்சகத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நல்ல கூட்டம். எல்லோருக்கும் இன்றுதான் கடைசி நாள். சொன்னபடி ஜெனி அழைத்தாள். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம், மாணவிகளின் இரைச்சல்.

"தெறந்திருச்சு மதினி. அஞ்சும் இருக்கு."

"அஞ்சாவத நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். வாசிக்கட்டா?"

முதல் வரியை வாசித்தாள். சரிபார்க்கத்தான் என்று நினைத்தேன். இரண்டாவது வரியையும் வாசித்தாள். பத்தி முடிந்தது. நான் போதும் என்றேன். அவள் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. என் வாக்கியங்கள் அவள் வாயில் வேறு இடங்களில் மூச்சு வாங்கின. கமா போட்ட இடத்தில் நிற்கவில்லை. நான் கவனிக்காத ஓர் இடத்தில் நின்றாள்.

"போதும் ஜெனி. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இருக்கட்டும். அடுத்த பக்கத்துல என்னன்னு பாக்கேன்."

இரைச்சல் அடங்கியிருந்தது. மாணவிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ. அவள் வாசித்துக்கொண்டே போனாள்.

என் முறை வந்தது. எத்தனை பிரதி என்று கடைக்காரர் கேட்டார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.